ஓரம் வெட்டிய தாள்

நடந்தவை, வரிசையாக:

1. அந்த வருடம் நம் பங்குக் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்தார்.
2. ஈஸ்டர் நாடகத்தில் பெண் வேடத்தைப் பெண்களே கட்டட்டும் என்றார்.
3. பதினோரு வருடமாகத் தளபதியின் மனைவியாக நடித்துவந்த என் சித்தப்பாவிடமிருந்து அந்த வேடம் போய், அவருடைய மனைவியான என் சித்திக்கு வந்தது.
4. தளபதியாக நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நடிக்க இருந்தார்.
5. விட்டுப்போன கட்டம் ஒன்று சேர்க்கப்பட்டு, நான்கே நாளில் நீக்கப்பட்டது. அதில் எனக்கு மூன்று வசனம் இருந்தது.
6. குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சித்தப்பா ஒரு தாளை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார்.
7. நான் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். இரண்டும் உண்மை.
8. நாடகம் நடக்கவில்லை.

இதில் ஐந்தாவதும் ஏழாவதும் உங்களில் பலருக்குத் தெரியாது. மற்றவை தெரியும். நாம் எல்லாரும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள். முதல் பாட்டுக்கு இறக்கை கட்டிக்கொண்டு வரும் பன்னிரண்டு சம்மனசுகளில் நான் ஒன்பதாவது. கோயில் பொன்விழாவுக்கு அந்த நாடகத்தையே மறுபடி போடலாம் என்று போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. பழைய நோட்டு எங்கள் வீட்டில் இருக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒருத்தி, "உங்க சித்தி ஓடிப்போனதாலதான நின்னுச்சு" என்று எழுதி, உடனே அழித்துவிட்டாள். அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். அதற்கான பதில் இது. குழுவில் எழுத முடியாத நீளம்.

கதை உங்களுக்கு மறந்திருக்கலாம். தளபதி போருக்குப் போகிறான். காயத்தோடு வாசலில் வந்து விழும் எதிரிச் சிப்பாய் ஒருவனுக்கு, தளபதியின் மனைவி இரக்கப்பட்டுக் கணவனின் சால்வையைப் போர்த்தி அனுப்புகிறாள். பதவி கிடைக்காத வயிற்றெரிச்சலில் இருக்கும் உபதளபதி, அந்தச் சால்வையை வைத்தே தளபதியின் மனதைக் கெடுக்கிறான். தளபதி மனைவியைக் கொன்றபிறகு, அந்தச் சிப்பாய் சால்வையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க வருகிறான். அவ்வளவுதான், திரை. சால்வையோடு அவன் வரும்போது நம் ஊர்ப் பெண்கள், "சித்த முன்னாடி வந்தா என்னடா, பாவி!" என்று கத்துவார்கள். வருடா வருடம் கத்துவார்கள். வருடா வருடம் அவன் அதே நேரத்துக்குத்தான் வருவான்.

நாடகத்தை எழுதியவர் நம் ஊர்க் கோயிலில் முன்பு வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார். நம் காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் வைத்துவிட்டுப் போனது ஒரு நீள நோட்டும் ஒரு கட்டளையும். யாருடைய வசனத்தையும் வேறொருவர் எழுதித் தரக்கூடாது. வேடம் கட்டுகிறவர் தன் பங்கைத் தன் கையால் எழுத வேண்டும். கையால் எழுதினால்தான் நெஞ்சில் நிற்கும். தன் வசனம் நீல மையில், நடுவில். இடது ஓரத்தில் சிவப்பு மையில் எதிராளி பேசி முடிக்கும் கடைசி வார்த்தைகள். அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் எப்போது வாய் திறக்க வேண்டும் என்று தெரியும். தன் வேடத்தின் பெயரைத் தாளில் எழுதும் வழக்கம் இல்லை. தான் யார் என்று தனக்குத் தெரியாதா?

சித்தப்பாவைப் பெண் வேடத்தில் பார்த்தவர்கள் நாம். பகலில் அவர் கனகாம்பரத் தோட்டத்தில் பூ எடுத்து, மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வடமதுரை ரோட்டுக்குப் போய் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிடும் ஆள். கையெல்லாம் காய்ப்பு. ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, முத்துவெள்ளையும் ரோஸ் பவுடரும் பூசி, அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு எழுந்தால் அந்தக் காய்ப்பு எங்கே போனது என்று தெரியாது. முந்தானையை இரண்டு விரலால் இழுத்துவிடுவார். அந்த இரண்டு விரலைப் பார்க்கவே அடுத்த ஊரிலிருந்து ஆள் வரும். சித்தி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "கல்யாணமாகி வந்த புதுசுல சேலைக்குக் கொசுவம் வைக்க எனக்கு இவருதான் சொல்லிக்குடுத்தாரு. எங்க அம்மாகூட இம்புட்டு அழகா வைக்காது."

புதுச் சாமியார் தவக்காலத்தின் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் அறிவித்தபோது சித்தப்பா ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவராகவே சாமியாரிடம் போய், "நல்ல காரியம் சாமி. நான் ஒப்பனையைப் பாத்துக்கிறேன்" என்றார். சாமியாருக்கு ரொம்ப சந்தோஷம். வேடத்துக்குச் சித்தியின் பெயரைச் சொன்னதும் சித்தப்பாவேதான் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வேடம் தன் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

சாயங்காலங்களில் அவர்கள் வீட்டு அடுப்படியில் ஒத்திகை நடக்கும். நான் பட்டாணி உரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அழுறப்ப மூக்க உறிஞ்சாத. கண்ணுல மட்டும் தண்ணி வரணும்."

"கண்ணுல வந்தா மூக்குல வராதாக்கும்?"

"எனக்கு வராது."

"உங்களுக்கு நிஜமா அழுகை வந்தாத்தான வாரதுக்கு!" என்று சித்தி சிரிப்பாள்.

ஆனால் மூன்றாவது வாரத்தில் சித்திக்கு அது வந்துவிட்டது. கண்ணில் மட்டும் தண்ணீர். சித்தப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய், எதற்கு என்று தெரியாமல், வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தென்னை மட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். நான் அதை, அவருக்கு வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவரோடு டீக்கடைக்கு வடை வாங்கப் போயிருந்தேன். அங்கே பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார்: "என்னப்பா, ஒத்திகை பாத்தேன். உம் பொண்டாட்டி உன்னையவிட நல்லாப் பொம்பள மாதிரி இருக்காளே!" கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சித்தப்பா. திரும்பி வரும்போது வடைப் பொட்டலம் என் கையில் இருந்தது. எண்ணெய் தாளில் ஊறி விரலைச் சுட்டது. வீடு வரை அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

நோட்டில் இரண்டு பக்கம் கிழிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தது வாத்தியார். தைத்த இடத்தில் குச்சி குச்சியாகத் தாள் நின்றது. முன்பு இருந்த ஒரு சாமியார், கோயில் மைதானத்தில் பேசத் தகாத வசனம் என்று கிழித்துப் போட்டாராம். "கட்டம் தாவுது. போருக்குப் போனவன நினைச்சு இவ ஒரு வார்த்தை பேசாம எப்படி?" என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, சித்தி கோடு போட்ட முழுத்தாளில் எழுதிய ஒன்றை என்னிடம் காட்டினாள். "அப்பு, உனக்கு ஒரு வேசம் வந்திருக்கு. இனி நீ வெறும் சம்மனசு இல்ல. என் தோழி."

எங்கிருந்து பார்த்து எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. வசனம் என்றால் ஏதாவது ஒரு நோட்டில் இருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு மூன்று வரிதான். ஓரத்தில் சிவப்பு மையில் முழுதாகவே எழுதியிருந்தாள்.

அம்மா, விளக்கை அணைக்கட்டுமா?
அம்மா, குதிரைச் சத்தம் இல்லை, காற்றுதான்.
அம்மா, விடிந்துவிட்டது.

அவள் வசனம் நீலத்தில் ஓடியது. "நீங்கள் வரும் வழியிலேயே என் கண் இருக்கிறது. விளக்கில் எண்ணெய் இருக்கிறது, நான்தான் வற்றிக்கொண்டிருக்கிறேன். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஒரே ஒரு முறை வந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள்."

நான்கு நாள் நான் அந்த மூன்று வரியோடு இருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போதும் சொன்னேன். "குதிரைச் சத்தம் இல்லை" என்பதில் "இல்லை"யை எவ்வளவு இழுப்பது என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகையில், நீங்கள் எல்லாரும் பார்க்க, திரைக்குள்ளிருந்து வெளியே வர வேண்டும் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை கோயில் பெருக்கப் போனேன். பூசைச் சாமான் அறைக்கு வெளியே சித்தி சாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டம் வேண்டாம் சாமி. விட்டுருங்க."

"ஏம்மா? வாத்தியார் நல்லா இருக்குன்னாரே."

"எனக்கு வரல சாமி."

பொய். அவளுக்கு எவ்வளவு நன்றாக வந்தது என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் என் வேடத்தை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பது மட்டும்தான் அந்த வயதில் எனக்குக் கேட்டது. பதினொரு வயது. மத்தியானம் குழிப்பணியாரம் கொடுத்தனுப்பினாள். சாப்பிடாமல் திருப்பி அனுப்பினேன். அவளே வந்தாள்.

"கோவமா அப்பு? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். மடித்த தாளைக் கையில் கொடுத்தாள். "இத வாத்தியார்ட்டக் குடுத்துரு. அவரு நோட்டுல ஒட்டி வச்சுக்கட்டும். என்கிட்ட இருக்க வேண்டாம்."

அவள் போனதும் அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். ஸ்கேல் வைத்துப் பென்சிலில் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டி, சிவப்பு மை ஓரத்தை முழுதாக எடுத்துக்கொண்டேன். அது என் வசனம். கட்டம் இல்லை என்று ஆனபிறகு அது யாருக்கு வேண்டும்? ஜியாமெட்ரி பாக்ஸில் புரொட்ராக்டருக்கு அடியில் வைத்தேன். மீதியை மடித்துச் சாயங்காலம் வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் தளபதி வேடத்துக் கோட்டு அளவைப் பார்க்க அவசரமாக வந்துகொண்டிருந்தார். "சரி, பெறகு ஒட்டிக்கிறேன்" என்று பிரித்துப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்தார். கோட்டுப் போட்டுப் பார்க்கச் சட்டையைக் கழற்றினார். சட்டையை வாங்கி ஆணியில் மாட்டியது, உடைக்கும் ஒப்பனைக்கும் பொறுப்பாக இருந்த சித்தப்பா.

நம் சம்மனசு இறக்கைகள் அன்றுதான் தைத்து முடிந்தன. அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டி, விளிம்பில் கோழி இறகு. என்னுடையதில் இடது பக்கம் ஒரு இறகு குறைவு. இதையெல்லாம் ஏன் நினைவு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. அந்த இறக்கைகள் என்ன ஆயின என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

மறுநாள் குருத்து ஞாயிறு. பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. சித்தப்பா சாமியாரிடம் தாளை நீட்டினார்.

"சாமி, இதச் சத்தமாப் படிங்க."

சாமியார் இரண்டு வரி படித்துவிட்டு மடித்தார். "வீட்ல போய்ப் பேசுங்க" என்றார். சித்தப்பா திரும்ப வாங்கித் தானே படித்தார். தட்டையான குரலில், ரேஷன் கடைப் பலகையைப் படிப்பதுபோல. அவர் அவ்வளவு மோசமாக ஒன்றைப் படித்து நான் கேட்டதே இல்லை. படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எம் பொண்டாட்டி கையெழுத்து. வாத்தியாரு சட்டைப்பையில இருந்துச்சு."

"யோவ், அது நாடக வசனம்யா!" என்றார் வாத்தியார். "கிழிஞ்சுபோன கட்டம்."

"எந்த நாடகம்? பதினோரு வருசம் அந்த வேசத்தக் கட்டுனவன் நான். எனக்குத் தெரியாத வசனம் உங்களுக்கு எங்கருந்து சார் வந்துச்சு?"

"உங்க வீட்டம்மாதான் ஏதோ பழைய தாள்ல இருந்து எழுதிக்கொண்டாந்தாங்க."

"எங்க அந்தப் பழைய தாளு? காட்டச் சொல்லுங்க. வேசம் கட்டுறவன் எழுதுன தாள்னா ஓரத்துல சிவப்பு மை இருக்கணும்ல? எங்க?"

எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். ஓரம் இல்லை. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அந்த முறை தெரியும்.

வாத்தியார் சித்தியைப் பார்த்தார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க" என்றாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள் மறுபடியும். கூட்டத்தில் ஒரு அம்மாள், "எம்புட்டுத் திமிரு பாரு!" என்றாள். எனக்கும் அப்போது அது திமிராகத்தான் கேட்டது.

பிறகு சித்தப்பா என் பக்கம் திரும்பினார். குரல் மெதுவாக இருந்தது.

"வாத்தியார்ட்ட இந்தத் தாளக் குடுத்தது யாரு அப்பு?"

"நான்தான்."

"யாரு குடுக்கச் சொன்னா?"

"சித்தி."

அவ்வளவுதான் கேட்டார். நான் அவ்வளவுதான் சொன்னேன். ஓரம் வீட்டில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வர இருநூறு காலடிகூட ஆகாது. தாளின் பக்கத்தில் வைத்தால் கோடு கோடோடு சேரும். சித்தி என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் கஷ்டப்படட்டும், பிறகு எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இதில் எந்தச் சொல்லையும் நான் இப்போது கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. கொஞ்ச நேரம் என்றுதான் நினைத்தேன்.

சாமியார் இளவயசு. முதல் பங்கு. சேர்த்த கட்டத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல், கலவரம் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே நாடகத்தை நிறுத்துவதாகச் சொன்னார். அதையே ஊர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை ஆத்தூரிலிருந்து சித்தியின் அண்ணன் மொபெட்டில் வந்தார். ஒரு துணிப்பை மட்டும். சித்தி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அம்மா உள்ளேயே இருந்துகொண்டாள். நான் வாசல்படியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜியாமெட்ரி பாக்ஸ் மடியில் இருந்தது. என் தலையைத் தடவி, "ஒழுங்காப் படி" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறினாள். பட்டப்பகலில், அண்ணனோடு, ஊர் பார்க்கப் போனாள். ஓடிப்போகவில்லை.

ஜூனில் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு சொல்லலாம் என்று தோன்றிய நாட்கள் பல. முதல் வாரம் பயம். முதல் வருடம், இனி சொன்னால் என்னை அடிப்பார்கள் என்று. அப்புறம் பத்தாவது, பாலிடெக்னிக், வேலை. இப்போது ஒரு நூல் மில்லில் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அறுந்த நூலை வைத்து எந்த இடத்தில் பலம் குறைந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதிக் கொடுத்து நூல் ஒட்டியதில்லை. ஓரம் மட்டும் எந்தப் பெட்டி மாறினாலும் என்னோடு வந்தது. சிவப்பு மை பழுப்பாகிவிட்டது.

குழுவில் அந்த வரியைப் படித்த வாரம் ஊருக்குப் போனேன். சனிக்கிழமை மத்தியானம். சித்தப்பா தனியாக இருக்கிறார். சர்க்கரையில் கால் விரல் ஒன்றை எடுத்தாயிற்று. அம்மாதான் சோறும் வெஞ்சனமும் கொடுத்தனுப்புகிறாள். தூக்குவாளியை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஓரத்தையும் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார், காரணம் நான், இப்போது தெரிந்தால் ஏதாவது செய்வார் என்ற எண்ணத்தில்தான் போயிருந்தேன்.

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. ஓரத்தைத் தொடவும் இல்லை. கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரல் வந்தது. நாம் சின்ன வயதில் கேட்ட அதே குரல்.

"நீங்கள் வரும் வழியிலேயே என் கண் இருக்கிறது."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். எனக்கு வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, விளக்கை அணைக்கட்டுமா?"

"விளக்கில் எண்ணெய் இருக்கிறது. நான்தான் வற்றிக்கொண்டிருக்கிறேன்."

முழுதும் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. என் மூன்று இடத்திலும் சரியாக நிறுத்தினார். இரண்டு விரல் துண்டின் நுனியை இழுத்துவிட்டது. "அம்மா, விடிந்துவிட்டது" என்று நான் சொல்லி முடித்தேன். கண்ணில் மட்டும் தண்ணீர் இருந்தது. அது எந்த வகைத் தண்ணீர் என்று என்னால் சொல்ல முடியாது.

"நான் வேசம் கட்டுன மொத வருசம் ஒத்திகையில ஒரே ஒரு தடவ பேசுனது" என்றார். "மேடைக்கு வாரதுக்குள்ள சாமியாரு கிழிச்சுட்டாரு. என் மனசுலதான் இருந்துச்சு. அவளுக்கு நான்தான் சொன்னேன், அவ எழுதுனா."

"அப்ப ஏன் சித்தப்பா?"

தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அவ நல்லாப் பேசுனா" என்றார்.

பிறகு அவரே சொன்னார்: "சட்டைப்பையில இருந்து எடுத்தப்பவே பாத்தேன், ஓரத்த வெட்டியிருக்குன்னு. நீதான் வச்சிருப்பன்னு தெரியும். எட்டு நாளு, கதவு சத்தம் கேட்டா நீதான்னு நினைச்சேன். நீ கொண்டாந்து நீட்டியிருந்தா போய்க் கூட்டியாந்திருப்பேன். நீட்டல. அப்புறம் நாளாயிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருடத்தில் சித்தியை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், மூன்றும் சாவு வீட்டில், தூரத்தில். அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை. தையல் மிஷின், சுவரில் ஜெபமாலை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சீருடைகள். என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. "ஏ அப்பு! வா, வா. சாப்டியா?" என்றாள். காபி போட்டாள். அதில் சீனி கூட. சின்ன வயதில் நான் அப்படித்தான் கேட்பேன்.

சித்தப்பா சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு நல்ல செய்தி கொண்டுபோவதாக நினைத்தேன்.

"அவருக்குத் தெரியுங்கிறது எனக்குத் தெரியாதா?" என்றாள். "அடுப்படியில உக்காந்து வரிவரியாச் சொன்னவரு அவருதான். 'நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லாத, வேசத்த விட மனசில்லாமக் கெடக்கேன்னு சிரிப்பாங்க'ன்னாரு. அதான் வாத்தியார்ட்டப் பழைய தாளுன்னு சொன்னேன். ஆனா எழுதுன நாளா வீட்ல எங்கூடப் பேசல. அந்தக் கட்டமாவது அவருக்கே இருக்கட்டும்னுதான் சாமியார்ட்ட வேண்டாம்னேன்."

"அன்னைக்கு வாசல்ல நீங்களே சொல்லியிருக்கலாமே சித்தி?"

"என்னத்தச் சொல்ல? தெரியாதவருக்குச் சொல்லலாம். தெரிஞ்சவருக்கு எதக் காட்டி நிரூபிக்க?"

மிஷினில் நூல் கோத்தாள். எனக்கு மனது லேசானது. என் ஓரம் எதையும் மாற்றியிருக்காது என்று அவளே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டேன். அந்த லேசில்தான் பையைத் திறந்து அதை எடுத்து மிஷின் மேல் வைத்தேன். வெட்டியதைச் சொன்னேன்.

சித்தி அதைப் பார்த்தாள். தன் கையெழுத்தை விரலால் தடவினாள்.

"அன்னைக்கு இது உன்கிட்டயா இருந்துச்சு?"

"ஆமா சித்தி."

"வாசல்ல நிக்கிறப்ப?"

"வீட்ல இருந்துச்சு. ஜியாமெட்ரி பாக்ஸ்ல."

"நான் கிளம்புறப்ப?"

"மடியில இருந்துச்சு."

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"ஓரம் எங்க போச்சுன்னு நான் நினைக்காத நாளில்ல. வாத்தியாரு வெட்டியிருப்பாரோ, இவரே வெட்டியிருப்பாரோன்னு எல்லாரையும் நினைச்சுப் பாத்தேன். உன்னைய நினைக்கல. சின்னப் பிள்ள, கேட்டதுக்குப் பதில் சொன்னுச்சு, அதுக்கு என்ன தெரியும்னு இருந்தேன். அந்த ஊருல ஒரு ஆள மட்டும் மனசுல நல்லபடியா வச்சிருந்தேன் அப்பு."

ஓரத்தை மடித்து என் கையில் வைத்தாள். "இது உன் வசனம். நீயே வச்சுக்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்தினாள். வாசல் வரை வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நோட்டு எங்கள் வீட்டில் இல்லை. வாத்தியார் போகும்போது கோயில் அலமாரியில் வைத்தார், பிறகு யாரும் பார்க்கவில்லை. கதை நம் எல்லாருக்கும் தெரியும், வேண்டுமானால் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். விட்டுப்போன கட்டத்தைச் சேர்க்க வேண்டாம். எனக்கு வேடம் எதுவும் வேண்டாம்.

தாள் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஓரம் என்னிடம் இருக்கிறது. சித்தி ஆத்தூரில் இருக்கிறாள். கோயில் பதிவேட்டின்படி அவர்கள் இன்னும் கணவன் மனைவி. நான் ஆத்தூருக்குப் போய் வந்தபிறகு சித்திக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.